பச்சை போர்டு டாக்சி

டாக்சி தொழிலில் டிரைவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுகிறார்கள். வாடகைக் கார் ஓட்டும் நண்பர்களே, உங்களுக்குத் தெரியாததா? தாம்பரத்தில் முப்பது வருஷம் மஞ்சள் போர்டில் ஓட்டிவிட்டு மின்சாரக் கார் வாங்கினேன். அதற்குப் பச்சை போர்டு. சொந்த வண்டி என்றால் வெள்ளை எழுத்து, வாடகை வண்டி என்றால் மஞ்சள் எழுத்து. அந்தப் பச்சை, ஸ்டாண்டில் எனக்கிருந்த இடத்துக்கே உலை வைத்தது.

ஓரமாப் போ

எங்கள் ஸ்டாண்டில் வரிசையில் முன்னால் நிற்கும் வண்டிக்குத்தான் சவாரி. புது வண்டியோடு போன முதல் நாளே, ஸ்டாண்டுச் செயலாளர் பாஸ்கர் கையை நீட்டி மறித்தார். நம்பர் பிளேட் விதிகள் அச்சிட்ட தாளைக் காட்டினேன். படிப்பு எட்டாவதோடு நின்றாலும், மனைவி போன பிறகு சாயங்காலங்களில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படிப்பது எனக்குப் பழக்கம். அவர் தாளைத் தொடக்கூட இல்லை.

"மஞ்சா போர்டு இல்லாத வண்டிக்கு இன்னா ஸ்டாண்டு? ஓரமாப் போண்ணா. ஆபீசர் வந்து இதுவும் டாக்சிதான்னு சொல்லட்டும், அப்பால பாக்கலாம்."

முடிச்சூர் டீச்சர்

வரிசை போனதால் போனில் கூப்பிடுகிறவர்களை நம்பித்தான் பிழைப்பு. முடிச்சூரில் ஒரு டீச்சர் எழும்பூர் போகக் கூப்பிட்டிருந்தார். அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பெட்டியோடு வெளியே வந்தவர் என் வண்டியை முறைத்துவிட்டு போனை எடுத்தார். என் போன் அடித்தது. உள்ளே உட்கார்ந்தபடியே எடுத்தேன்.

"எங்க சார் இருக்கீங்க? சீக்கிரம் வாங்க. இங்க யாரோ அறிவில்லாம நம்ம கேட்டை அடைச்சுக் காரை நிறுத்தி வச்சிருக்காங்க, வந்து நீங்களே ரெண்டு திட்டு திட்டுங்க!"

லிஃப்ட் வரைக்கும்

கீழ்க்கட்டளையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாடகை வண்டிகள் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து, முழங்கால் ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். பச்சை போர்டைப் பார்த்த வாட்ச்மேன், குடியிருப்பவர் கார் என்று நினைத்து சல்யூட் அடித்துக் கேட்டை அகலத் திறந்துவிட்டார். லிஃப்ட் பக்கத்திலேயே நிறுத்தினேன். பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"எங்க அசோசியேஷன் சட்டத்தை உடைச்ச முதல் ஆள் நான்தான்யா! வலிகூடத் தெரியலை."

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள், வண்டிகளைச் சோதிக்க ஸ்டாண்டுக்கு ஓர் ஆபீசர் வந்தார். சாலையோரம் நின்றிருந்த என்னிடம் பாஸ்கரே அவரை அழைத்து வந்தார். இன்றோடு நம் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆபீசர் குனிந்து பார்த்தார். "பச்சையில மஞ்சள் எழுத்து. டாக்சிதான், சரியா இருக்கு" என்று நிமிர்ந்தவரின் பார்வை வரிசைப் பக்கம் திரும்பியது.

அங்கே எல்லா நம்பர் பிளேட்டிலும் பூஜைச் சந்தனம் அப்பியிருந்தது. முதலில் நின்ற பாஸ்கரின் வண்டியில் இரண்டு எண்கள் சந்தனத்துக்கு அடியில், மீதி மாலைக்குப் பின்னால். எண்ணை எதுவும் மறைக்கக் கூடாது என்று அந்தத் தாளில் படித்திருந்ததால், நான் பானெட்டில் மட்டும் பொட்டு வைத்திருந்தேன். மொத்த வரிசையையும் ஓரங்கட்டிக் கழுவச் சொன்னார் ஆபீசர். பக்கெட்டோடு குந்தித் தேய்த்துக்கொண்டிருந்த பாஸ்கர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"இன்னாண்ணா வேடிக்கை பாத்துகினு கீற? வண்டிய முன்னாடி போடு, கஸ்டமர் நிக்கிறாரு. அப்டியே அந்தப் பேப்பரைக் குட்த்துட்டுப் போ."

முப்பது வருஷ அனுபவத்தால் காப்பாற்ற முடியாத என் இடத்தை, அடுத்தவர் வண்டியில் காய்ந்துபோன சந்தனம் மீட்டுக் கொடுத்தது.