வெள்ளையடித்த தூண்

இன்ஜினியரம்மா இருந்தார். மேஸ்திரி கோவிந்தன் இருந்தார். சித்தாளாக நான் இருந்தேன். அடையாற்றங்கரையில் வெள்ளைக்காரன் கட்டிய பழைய பங்களாவைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தோம். வராந்தாவில் எட்டுத் தூண்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, இன்றும் முகம் பார்க்கலாம். ஒரு தூணுக்கு மட்டும் யாரோ வெள்ளையடித்திருந்தார்கள்.

“எந்தப் புண்ணியவான் வேல இது? கண்ணாடிக்கு பவுடர் பூசுன மாதிரி கீது,” என்றபடி மேஸ்திரி சுரண்டினார்.

சுண்ணாம்புத் தூள் மூக்கில் ஏறியது. அந்த வாசனை எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு ஏழு வயது. அப்பா இங்கே தோட்டக்காரர். பின்பக்க அறையில் குடியிருந்தோம். எவ்வளவு வளர்ந்தேன் என்று பார்க்க, அந்தத் தூணில் ஆணியால் கோடு கிழித்தேன்.

“இன்னாமே பண்ணி வெச்ச? மொதலாளி பாத்தா நம்ம மூட்டைய தெருவுல போட்டுடுவாரு,” என்றார் அப்பா. அடிக்கவில்லை. கோட்டை மறைத்து வெள்ளையடித்தார்.

முதலாளி கேட்டபோது, “ஈரம் ஏறுதுங்க. வருசா வருசம் அடிக்கலன்னா உதிரும்,” என்றார். சொல்லிவிட்டதால், வேலையில் இருந்தவரை பொங்கலுக்குப் பொங்கல் அடித்தார்.

“எங்கப்பாதான் அடிச்சாரு, மேஸ்திரி,” என்றேன்.

மேஸ்திரி அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. மெதுவாகச் சுரண்டினார். என் நெஞ்சு உயரத்தில் கோடு தெரிந்தது. சுரண்டிய ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்த வெள்ளைப் பூச்சுகளை இன்ஜினியரம்மா எண்ணினார்.

இருபத்திரண்டு.