சுடுதண்ணீர்ப் போத்தல்

உக்குவளையில் ஒரு முன்னாள் படைவீரரை ஆறு வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். முதுகுத்தண்டில் குண்டுச் சிதறல் பட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சிங்களவர், என்னைவிட இளையவர். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவருக்குத் தெரிந்த தமிழோ சோதனைச் சாவடியில் பழகியது மட்டும்தான்: நில்லு, கையத் தூக்கு, பொய் சொல்லாத.

சட்டை மாற்றும்போது அந்தத் தமிழையே அவருக்குத் திருப்பிக் கொடுப்பேன்.

“கையத் தூக்குங்க தம்பி.”

இரண்டு கையையும் உயர்த்தி விழுந்து விழுந்து சிரிப்பார். அந்தச் சொற்களை அவர் சாவடியில் யார் யாரிடம் சொன்னார் என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

மார்கழி மழையில் ஒரு நாள் விடியற்காலை அவர் பாதங்கள் சில்லிட்டுக் கிடந்தன. எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் செய்வதுபோலப் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, அவர் எழும்பும் முன் போர்வைக்குள் காலடியில் வைத்தேன். லயத்தில் சூடு தாங்காவிட்டால் காலை இழுத்துக்கொள்வார்கள். இவரால் இழுக்க முடியாது என்பது, ஆறு வருடம் தூக்கிப் புரட்டிய எனக்கு அப்போது உறைக்கவில்லை. சமைத்துவிட்டு வந்து பார்த்தால் துணி விலகி, குதிகால் தோல் வழன்று கிடந்தது. அவர் பாட்டுக்கு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்த அவருடைய தங்கச்சி, நான் குதிகாலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து என்னவென்று கேட்டார். தங்கச்சிதான் என்னை வேலைக்கு வைத்தவர்.

“சப்பாத்து கடிச்சிருச்சி. சின்னக் காயம், நானே மருந்து போடுறேன்” என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் சொன்ன பொய். எட்டு நாள் கட்டை யாருக்கும் அவிழ்த்துக் காட்டவில்லை. சீழ் நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள், சட்டை மாற்றப் போனேன். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், “கையத் தூக்குங்க தம்பி” என்றேன். தூக்கினார். சிரிக்கவில்லை.

“அந்த வாரம் முழுக்க மழை. நான் சப்பாத்தே போடல்லையே” என்றார் சிங்களத்தில்.

“ஞாயித்துக்கிழமை போட்டீங்க தம்பி. மறந்துட்டீங்க.”

என்னையே பார்த்தார். பிறகு, குரலை உயர்த்தாமல், தமிழில் சொன்னார்.

“அக்கா, பொய் சொல்லாத.”



“போத்தல் தம்பி. நான்தான் வச்சேன்.”

சட்டைப் பொத்தானைக் கழற்ற என் விரல்களுக்கு வரவில்லை. அவ்வளவு நேரமும் அவர் கைகளைத் தூக்கியபடியே இருந்தார்.