பசை அண்ணன் ஒட்டிய ஊர்

எங்கள் நகரமைப்புக் கல்லூரியில் கட்டட மாதிரிகள் செய்யும் கூடத்தின் ஊழியர், எல்லோருக்கும் பசை அண்ணன். நாங்கள் நாட்டுக்கு ஒன்றாக மூன்று நாட்டு நகரங்களை அட்டையில் செய்து, தனித்தனிப் பலகைகளில் வைத்திருந்தோம். தேர்வன்று காலை அந்தப் பலகைகள் அவர் கை நழுவி விழுந்து சிதறின. மனிதர் பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒரே பலகையில் ஒட்டிவிட்டார். தோற்றால் ஓராண்டுப் படிப்பு பாழ்.

வெளியிலிருந்து வந்த முதிய தேர்வாளர் குனிந்து பார்த்தார். "இது எந்த நாடுப்பா?"

அண்ணன் முந்திக்கொண்டார். "எந்த நாடா இருந்தா என்ன சார்? இந்தப் புள்ளைங்க மூணு ஊரு கட்டுச்சுங்க, ஒண்ணுலயும் கக்கூஸ் இல்ல. நான்தான் சந்தைக்குப் பக்கத்துல நாலு வெச்சேன்."

"என் வயசுக் கஷ்டம் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தாங்க" என்றவர், எங்களுக்குத் தேர்ச்சி போட்டுக் கையெழுத்திட்டார். "சரி, இந்தக் கட்டடத்துல அது எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார்.