திரையெல்லாம் வாங்க

கணிதப் பட்டம் முடித்த கோடையில் நான் கம்ப்யூட்டர் படிப்பது என்று முடிவானது. எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் தொடங்குவது என்பதுதான் முடிவாகவில்லை. கணபதி என்ற பகுதியில் எங்கள் வீட்டுக்குச் சில தெருக்கள் தள்ளி, ஒரு லேத் பட்டறையின் மாடியில் பயிற்சி மையம் இருந்தது. அங்கே சொல்லிக்கொடுத்த மூன்று மொழிகளிலும் ஒவ்வொரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிடித்ததில் சேரலாம் என்றார்கள்.

'சி' படித்தால்தான் வேலை என்றார் அண்ணன். 'கோபால்' படித்தால் அமெரிக்காவே போகலாம் என்றார்கள் பக்கத்து வீட்டில். எனக்குத் துணையாக நங்கை வந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"சீங்கறது மூஞ்சியச் சுளிச்சாப்பல இருக்குது. கோபால்ங்கறது மாமன் மகன் பேராட்டம் இருக்குது. என்னத்தப் படிக்கப் போறியோ, அம்மணி" என்று வழியெல்லாம் சிரித்தார்.

செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனால் வெயில் கதவோடு நின்றுவிடும். ஏசி குளிர், மங்கிய வெளிச்சம். கீழே ஓடும் லேத்தின் அதிர்வு உள்ளங்காலில் மட்டும் மெல்ல ஊரும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் கிணற்றின் அடியிலிருந்து மிதந்து வருவதுபோல ஒவ்வொன்றாக மேலே வந்தன. முதல் நாள் 'சி'யில் ஒரு அரைப்புள்ளியை விட்டதற்குத் திரை நிறையப் பிழை என்றது. மறுநாள் கோபாலில் தலைப்புகளை அடித்து முடிப்பதற்குள்ளேயே நேரம் முடிந்துபோனது.

மூன்றாம் நாள் 'பேசிக்' என்ற மொழி. சொல்லிக்கொடுத்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். "இது கொழந்தைக கத்துக்கறதுங்க. சும்மா பாருங்க" என்றவள், வரிகளுக்குப் பத்து, இருபது என்று எண் போட்டாள்.

பின்னால் ஸ்டூலில் இருந்த நங்கை கேட்டார்: "ஏனுங்க, ஒண்ணு ரெண்டுன்னு போடாம பத்துப் பத்தாத் தாண்டறீங்களே?"

"நடுவுல ஏதாச்சும் தோணுச்சுன்னா சேத்துக்கறதுக்குங்க."

அந்தப் பதில் எனக்குள் எங்கோ போய் இறங்கியது. இனிமேல் தோன்றப்போகும் ஏதோ ஒன்றுக்காக இப்போதே இடம் விட்டுவைக்கிற மொழி.

"என்ன அடிக்கட்டுங்க?" என்றேன்.

"வாங்கன்னு அடி" என்றார் நங்கை.

ஆங்கில எழுத்தில் அடித்தேன். பத்தாம் எண் வரி அதைத் திரையில் காட்டும். இருபதாம் எண் வரி மறுபடி பத்துக்கே அனுப்பும். ஓடவிட்டதும் வாங்க, வாங்க, வாங்க என்று திரை முழுக்க வழிந்து மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. கோபி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தென்னைகள் பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கண் சொருகுவதுபோல் இருந்தது எனக்கு.

"யாரு வரப்போறாங்களோ, இத்தன தடவ கூப்புடுது" என்றார் நங்கை, தணிந்த குரலில்.

அதை நிறுத்தத் தெரிந்த அந்தப் பெண்ணும் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள்.

"எனக்கு இதுதானுங்க" என்றேன்.

சாயங்காலம் அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. "கொழந்தைக படிக்கறதுலயா சேந்துட்டு வந்தே?"

"அவளுக்குப் புடிச்சுப்போச்சுங்க. நாளைலிருந்து நானும் கூட உக்காந்து படிக்கறேன்" என்றார் நங்கை. அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

ஒரே கம்ப்யூட்டரில் இருவரும் படித்தோம். வேலைக்கு வேண்டிய 'சி'யை நான் வேலையில் சேர்ந்த பிறகு கற்றுக்கொண்டேன். நங்கை மழைக்காலம் வரை வந்தார். அவர் கடைசியாக எழுதியது, கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு நினைத்த இடத்திலெல்லாம் புள்ளி வைக்கும் சின்ன புரோகிராம். கறுப்புத் திரையில் ஒன்று, தள்ளி இன்னொன்று என்று புள்ளிகள் பூத்துக்கொண்டே வந்தன. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரை நிறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.