தன் டீமுக்கு ஓட்டுப் போடாத கோச்

போன சனிக்கிழமை சிட்டிக்கு வெளியே இருக்கும் பாபகூராவில் ஒரு விருந்துக்குப் போயிருந்தேன். விருந்து என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். காலேஜ் சாக்கர் டீமுக்கு சீசன் முடிந்தது. ஆளுக்கொரு தட்டு சாப்பாடு கொண்டுபோய் ஹாலில் வைத்துச் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம். என் மனைவி வடை சுட்டுக் கொடுத்தாள்.

(இங்கே காலேஜ் என்றால் ஹைஸ்கூல். அமெரிக்காவில் பெரிய பையன்களின் டீம்களுக்கு கோச்சுகளே ஓட்டுப் போட்டு நம்பர் ஒன், நம்பர் டூ என்கிறார்களாம். இங்கேயும் அதே கூத்து, அதே அடிதடி!)

டீமின் கோச் நம் ஞானசேகரம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வாத்தியார். நாலு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் மழையில் நனைந்துகொண்டே பையன்களை ஓடவிடுவதில் மன்னன்.

விருந்தில் சிரிப்பே இல்லை. காரணம், அந்த வாரம் வந்த லோக்கல் பத்திரிகை.

எங்கள் பக்கத்துப் பத்திரிகை ஒன்று காலேஜ் டீம்களுக்கு வாராவாரம் ரேங்க் போடுகிறது. திங்கட்கிழமை ஒவ்வொரு கோச்சுக்கும் போன் வரும். சிறந்த எட்டு டீம்களை வரிசையாகச் சொல்லவேண்டும். முதல் இடத்துக்கு எட்டுப் புள்ளி, கடைசி இடத்துக்கு ஒன்று. எல்லோர் புள்ளிகளையும் கூட்டினால் ரேங்க். சீசன் கடைசியில் முதல் நாலு இடத்தில் இருப்பவர்களுக்கு தலைநகர் வெலிங்டனில் நடக்கும் போட்டிக்கு அழைப்பு.

மாஸ்டரின் டீம் ஐந்தாவது. ஒரே ஒரு புள்ளியில் போச்சு!

அதிலும் நாலாவது வந்த டீமை இவர்கள் சொந்த மைதானத்தில் துவைத்து எடுத்திருக்கிறார்கள். அதை யார் பார்த்தார்கள்? சிட்டி கோச்சுகள் பாபகூரா வரை ரயிலேறி வருவார்களா என்ன? போன வாரம் யார் மேலே இருந்தாரோ அவரையே இந்த வாரமும் மேலே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

இப்படி நான் பொருமிக்கொண்டிருந்தபோதுதான் கேப்டன் சியோனி வந்தான். சமோவாப் பையன், ஆறடி உயரம். இதுதான் அவனுக்குக் கடைசி வருடம்.

"சார், மற்ற கோச்செல்லாம் அவங்கவங்க டீமைத்தான் முதல்ல வச்சாங்களாம். நீங்க எங்களை எத்தனாவதா வச்சீங்க?"

மாஸ்டர் பொய் சொல்லியிருக்கலாம். நானாயிருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான் உங்களைச் சொல்லவில்லை, சியோனி."

"எட்டுக்குள்ளயேவா?"

"எட்டுக்குள்ளும் சொல்லவில்லை."

பையன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நாங்க நல்லா ஆடறதா நினைச்சேன் சார்" என்றான். அவ்வளவுதான். போய் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டான்.

வெளியே வந்ததும் மாஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மாஸ்டர் இப்படிப் பண்ணீங்க?"

"என்ர டீமை நானே கெட்டிக்காரர் எண்டு எப்பிடி ஐசே போனில சொல்லுறது? வெக்கமா இருக்காதே? மற்றவை பார்த்துச் சொல்லுவினம் எண்டு இருந்தனான்." (அவருடைய 'ஐசே' நம் 'ஓய்' மாதிரி.)

பக்கத்தில் நின்ற அவர் மனைவி ராணிக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்கு என்ன, விசர் பிடிச்சிட்டுதே? எங்கட மகளைப் பொம்பிளை பார்க்க வந்தாலும், அடுத்த வீட்டுப் பிள்ளை இதைவிட நல்லம் எண்டு சொல்லுவியள் போல கிடக்கு!"

சிரிப்பு வரவேண்டிய இடம். யாருக்கும் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே இப்படித்தானே? வேலைக்கு இன்டர்வியூவில் "உங்கள் திறமை என்ன?" என்று கேட்டால் நெளிகிறோம். நம்மைப் பற்றி நாமே பேசுவது அசிங்கம் என்று வளர்ந்துவிட்டோம். இங்கே பேசாதவனிடம் சரக்கு இல்லை என்று முடிவுகட்டி விடுகிறார்கள்... அப்புறம் யாரை நொந்துகொள்வது?

திங்கட்கிழமை பத்திரிகைக்கு நானே போன் போட்டேன். ஸ்போர்ட்ஸ் பகுதி ஆசிரியர் தங்கமான மனுஷர், பொறுமையாகக் கேட்டார். எந்தக் கோச்சும் தன் டீமுக்கு ஓட்டுப் போடக்கூடாது. போன வார ரேங்கைப் பார்க்காமல் புதிதாக வரிசை சொல்லவேண்டும். பாதி ஓட்டாவது எல்லா ஊருக்கும் போய் மேட்ச் பார்க்கிற நடுவர்கள் கையில் இருக்கவேண்டும் — இவ்வளவும் சொன்னேன். "நியாயம்தான். அடுத்த சீசனிலிருந்து முதல் விதியைக் கொண்டுவந்துவிடுகிறோம்" என்றார். இந்த வருடம்? அச்சாகிவிட்டதை மாற்றமுடியாதாம்.

ஏதோ ஜெயித்துவிட்ட குஷியில் மாஸ்டருக்குப் போன் செய்தேன்.

"ஓம், நல்ல விஷயம்" என்றார். குரலில் உயிரில்லை. "சியோனி அடுத்த மாசம் ஃபேக்டரி வேலைக்குப் போறான். இனி எங்க விளையாடப் போறான்?"

"விடுங்க மாஸ்டர். உங்க பணிவு உங்களை..."

"பணிவோ?" என்று வெட்டினார்.

"என்ர டீம் எண்டு நினைச்சுத்தான் ஐசே விட்டுக்குடுத்தனான். அது அந்தப் பொடியங்கட டீமல்லோ!"