ஓரகத்தி ஊர்ப் பள்ளியைப் பார்க்கப் போனேன்

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. தென்னேரிக்குப் பக்கத்தில் என் ஓரகத்தி சுமதி இருக்கும் ஊரில், அரசுப் பள்ளியில் எழுதிய எல்லாரும் பாஸ். காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்பது பேர் கணக்கில் கோட்டை விட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஒருத்தி.

"நித்யாவ சுமதி வூட்ல வுட்டுப் படிக்க வெக்கலாம்" என்றார் கணவர். நித்யா எங்கள் ஒரே பெண், இந்த வருடம் பத்தாவது. அவளைத் தூக்கி ஓரகத்தியிடம் கொடுத்துவிட்டு நான் சும்மா இருப்பேனா? அந்தப் பள்ளியில் ஏதாவது கோளாறு இருக்கும், கண்டுபிடித்தே தீருவது என்று ஜூன் மாத அமாவாசையன்று கிளம்பினேன். அன்று நெசவாளர் வீடுகளில் தறி ஓடாது, எனக்கும் வேலை இல்லை.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். டவுன் பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"இஸ்கூல் பாக்கவாம்மா? ரிசல்ட்டுக்கு அப்பறம் நெறைய பேரு வந்துக்கினுதான் இருக்கறாங்க" என்றார் ஆட்டோக்காரர். அவர் பெருமையாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வழியில் பெரிய ஏரி ஒன்று உண்டு. நன்றாக இருக்கும் என்பார்கள், நான் இருந்த எரிச்சலில் பார்க்கவில்லை.

பள்ளி வாசலில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. ஏதோ தகராறு என்று நினைத்தபோது, சொல்ல வெட்கம்தான், கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. உள்ளே போனால் வகுப்பு பெஞ்சுகளில் அப்பாக்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு டீச்சர் ஒவ்வொருவரிடமும் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று காட்டிக்கொண்டிருந்தார். ஓரமாக நின்ற சுமதி என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"இன்னா சுமதி இது?"

"மீட்டிங்க்கா. அமாவாசைக்குத் தறி ஓடாதில்ல, அதான் மாசாமாசம் அன்னைக்கே வெச்சிக்கறோம். நாந்தான் எச்.எம்.கிட்ட சொன்னேன்."

அதுவும் இவள்தான். எங்கள் பள்ளியில் மீட்டிங் வெள்ளிக்கிழமை, ஆண்களெல்லாம் தறியில் இருப்பார்கள். நாலு பெண்கள் போய் டீ குடித்துவிட்டு வருவோம். அமாவாசை எங்கள் ஊருக்கும்தானே வருகிறது? ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

"நித்யாவுக்கு ஒரு சீட்டு சொல்லி வெச்சிட்டேங்க்கா. கட்டில்கூட தனியா போட்டாச்சு."

"ஒரு அமாவாச பொறுத்துக்கோ" என்றேன். குரல் எனக்கே கடுப்பாகத்தான் கேட்டது.

ஊர் திரும்பியதும் எங்கள் தலைமையாசிரியரிடம் பேசி, அடுத்த அமாவாசைக்கே மீட்டிங் வைத்தோம். பெஞ்சு போதவில்லை. என் கணவர் முதல் தடவையாக நித்யாவின் கணக்குத் தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். வீட்டுக்கு நடக்கும்போது, "இவ எங்கயும் போவ வாணாம். சாயங்காலம் நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்" என்றார்.

இப்படிப் பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நெசவாளர் ஊர் என்றால் அமாவாசையன்று போங்கள், தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். குறை கண்டுபிடிக்கப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். ஓரகத்தி வீட்டில் மட்டும் சாப்பிடாதீர்கள். அவள் வைத்த வாழைக்காய்ப் பொரியலும் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

நித்யா தேறுவாளா என்பது அடுத்த மே மாதம்தான் தெரியும். அன்று சுமதிக்கு முதல் போன் என்னுடையதாக இருக்க வேண்டும்.