படையலில் வைத்த குளிசைகள்

முதலிற் சுவர் மஞ்சளாயிற்று. கணவர் இறந்து இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு பூசி நெடுங்காலம் ஆனமையால் நிறம் மங்கியிருக்கலாம் என எண்ணினேன். பின்னர்ப் பால் மஞ்சளாயிற்று; மகன் உடுத்தி வந்த வெள்ளை வேட்டியும் மஞ்சளாயிற்று. அப்போதும் நான் எவரிடமும் சொல்லவில்லை. எழுபத்தைந்தைக் கடந்தவள் கண்ணைப் பற்றி முறையிடுவதை யார் பொருட்படுத்துவார்?

அடுத்துப் பசி போயிற்று. சோற்றின் மணமே வயிற்றைப் புரட்டியது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நான் தொடாத தட்டைக் கண்டு, "மனுசன் போன கவலை" என்றனர். கவலை இருந்தது உண்மை. ஆதலால் நானும் நம்பினேன். முதுமையில் நோய் நுழைவதற்கு இதனினும் வசதியான வாசல் இல்லை. எதற்கும் ஒரு காரணம் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கிறது.

பிறகு ஒரு பின்னேரம் அவர் வந்தார்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எதிரேயிருந்த பிரம்புக் கதிரையில் அமர்ந்திருந்தார். கால்கள் வீங்கி மூச்சுக்குத் தவித்து இறந்த கிழவர் அல்லர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்து மனிதர். நாற்பது வயது இருக்கும். வேலை முடிந்து வந்ததும் செய்வதுபோலவே, தீக்குச்சியொன்றால் நகக்கண்ணிலிருந்த சீமெந்துத் தூளை எடுத்துக்கொண்டிருந்தார். "இஞ்சாருங்கோ" என்றேன். திரும்பவில்லை. எனக்கு அச்சம் தோன்றவில்லை. வெங்காயத்தை உரித்து முடித்தேன். அதன்பின் நாள்தோறும் வந்தார். ஒருநாளேனும் என்னைப் பார்த்தாரில்லை.

அடுத்த வளவில் வசிக்கும் மச்சாளுக்கு, அதாவது அவருடைய தங்கைக்கு, அவள் அண்ணன் வருவதைச் சொன்னேன்.

"கொண்ணை வந்து இருக்கிறார், மச்சாள்."

"எங்கை?"

"உந்தக் கதிரையிலை."

அவள் கதிரையை விட்டுச் சற்று விலகி நின்றாள். "என்னவாம்?"

"ஒண்டும் கதைக்கேல்லை."

"உயிரோடை இருக்கேக்கை மட்டும் என்னத்தைக் கதைச்சவர்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எட்டுச் செலவிலை ஏதும் குறை விட்டிட்டமோ தெரியேல்லை" என்றாள்.

எட்டுச் செலவு என்பது இறந்தவருக்கு விருப்பமானவற்றைச் சமைத்து அவருக்குப் படைப்பது. நாங்கள் குறையேதும் விடவில்லை. பொரித்த மீன், ஆட்டிறைச்சிக் கறி, சிறிது சாராயம், சுருட்டு ஆகிய யாவும் வாழையிலையில் இருந்தன. கடைசியில் மச்சாள் உள்ளே சென்று அவருடைய மருந்துக் குளிசைப் பையை எடுத்து வந்து இலையின் ஓரத்தில் வைத்தாள். "உதில்லாமல் அண்ணை ஓரிடமும் போகேல்லை" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் வந்து உண்பதற்காகக் கதவைச் சாத்திவிட்டுக் காத்திருந்தோம். பின்னர் ஒரு பங்கைத் தெருச் சந்திக்குக் கொண்டுபோய் வைத்தனர். எஞ்சியதை நாங்கள் உண்டோம். குளிசைகள் மட்டும் மீந்தன. இறப்பதற்குச் சற்று முன்னரே கிளினிக்கில் கொடுத்தவை என்பதால் பெரும்பகுதி அப்படியே இருந்தது.

படைத்த பொருளைக் குப்பையிற் போட எங்களுக்கு மனம் வராது. அத்தோடு, மருந்து இப்பக்கம் வாராதிருந்த போர்க்காலத்தில் ஓர் அட்டைக் குளிசை வீடு வீடாகக் கைமாறியதைக் கண்டவர்கள் நாங்கள். மருந்தை எறியும் கை எங்கள் வீட்டில் இல்லை. அவற்றை என் குளிசைகள் இருந்த தகரப் பேணியிலேயே போட்டு வைத்தேன்.

முப்பத்தோராம் நாட் கிரியை முடிந்த சில நாட்களில் என் மார்பு படபடத்தது. அவருக்கும் அப்படி வருவதுண்டு. அதற்கென ஒரு சிறிய வெள்ளைக் குளிசை விழுங்குவார். நானும் ஒன்றை விழுங்கினேன். படபடப்பு அடங்கியது, அல்லது அடங்கியதாகத் தோன்றியது. மறுநாளும் விழுங்கினேன். பிறகு அது என் காலைக் குளிசைகளுள் ஒன்றாயிற்று.

கிணற்றடியிற் கண் இருண்டு விழுந்த அன்று, கொக்குவிலில் இருக்கும் மகனுக்கு மச்சாள் தொலைபேசியிற் சொன்னாள். கண் விழித்தபோது வைத்தியசாலை விடுதியிற் கிடந்தேன். நாடித் துடிப்பு மிகவும் குறைந்திருந்தது. இதய மின்வரைபு (இதயத்தின் துடிப்பைத் தாளிற் கோடாக வரையும் சோதனை) எடுத்துப் பார்த்த இளம் வைத்தியர், என்னென்ன மருந்து எடுக்கிறேன் எனக் கேட்டார். கிளினிக் மருந்துகளைப் பிழையின்றி ஒப்புவித்தேன். அவர் நிறைவடையவில்லை.

"அண்ணை, வீட்டிலை இருக்கிற எல்லா மருந்தையும் கொண்டு வாங்கோ" என்றார் மகனிடம். "வெளிநாட்டிலையிருந்து வந்தது, கசாயம், எண்ணெய், வேறை ஆற்றை மருந்தெண்டாலும் பரவாயில்லை. தெரிவு செய்ய வேண்டாம். அள்ளிக்கொண்டு வாங்கோ."

மகன் கொண்டுவந்த பையை வைத்தியர் என் கட்டிலிற் கொட்டினார்.

"அம்மா, பார்மசி ஏதும் நடத்துறீங்களோ?"

"லைசென்ஸ் எடுக்கேல்லை, டொக்டர்."

அவர் சிரித்தபடி அட்டைகளைப் பிரித்து அடுக்கலானார். பின்னர்ச் சிரிப்பு நின்றது. முன்பு கனடாவில் மகளுடன் தங்கியிருந்தபோது அங்குள்ள வைத்தியர் குருதியமுக்கத்துக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்திருந்தார். மகள் அதை ஊருக்கு வருவோரிடம் இன்றும் கொடுத்தனுப்புகிறாள். எங்கள் கிளினிக்கில் தரும் நீர்க்குளிசையும் (உடலின் மிகையான நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது) அதனுள் அடங்கியிருந்தது. பெயர் வேறு, நிறம் வேறு, மருந்து ஒன்று. இரட்டை அளவில் உட்கொண்டதால் குருதியிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்புக் குறைந்துபோயிருந்தது.

அதன்பின் சிறிய வெள்ளைக் குளிசையைத் தூக்கிக் காட்டினார். "இது ஆற்றை?"

"அவற்றை."

"அவர் எங்கை?"

"செத்துப்போனார்."

வைத்தியர் அந்த அட்டையைத் தனியே எடுத்து வைத்தார். பின்னர் விளக்கினார். அது டிகொக்சின் (இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்து). மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே அதற்கு மிகச் சிறிய இடைவெளியே உண்டு. முதுமையிற் சிறுநீரகம் அதை மெல்லவே வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் அதன் கடுமை கூடும். பசியின்மையும் குமட்டலும் மஞ்சள் நிறமும் அதனால் வந்தவையே.

"ஆக்கள் தெரியிறதும் அதாலையோ?" என்று கேட்டேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஆர் தெரியினம்?"

சொன்னேன். மகன் யன்னற்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஓம் அம்மா. அதாலை வரலாம். மருந்தை நிப்பாட்டினால் போயிடுவார்."

"எப்ப?"

"உடனை இல்லை. மருந்து சிறுநீரோடைதான் வெளியிலை போகவேணும். உங்கடை சிறுநீரகம் மெதுவாய்த்தான் வேலை செய்யுது. கொஞ்ச நாள் எடுக்கும்."

ஆகவே என் சிறுநீரகத்தின் மந்தமே அவருக்குக் கிடைத்த தவணை. அவ்வேளையிலும் அவர் என் கட்டிலருகே முக்காலியில் அமர்ந்து நகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இனி நான் பருகும் ஒவ்வொரு மிடறும் அவரைக் கரைத்து அனுப்பும்.

பொட்டாசியத்தைத் திரவமாகச் சிறு கிண்ணத்திற் கொடுத்தார்கள். நான் அதைக் கையில் வைத்தபடி இருந்தேன்.

"என்னம்மா பாத்துக்கொண்டிருக்கிறியள்? குடியுங்கோவன்" என்றா தாதி.

"குடிப்பன் பிள்ளை."

"குடிச்சாத்தான் வீட்டை விடுவினம்."

"வீட்டிலை ஆர் இருக்கினம்?"

அவவுக்கு வேறு நோயாளர் இருந்தனர், போய்விட்டா. கஞ்சியோடு வந்த மகன் கிண்ணத்தைக் கண்டான். இழுத்துப் போட வேறு கதிரை இல்லை. அந்த முக்காலியிலேயே அமர்ந்தான். அவர் எழுந்திருக்கவில்லை. ஒரே இருக்கையில் இருவரும் இருந்தனர்: நாற்பது வயதுத் தந்தையும் நரை தொடங்கிய மகனும். மகன் தந்தையைவிட மூத்தவனாகத் தெரிந்தான்.

"அம்மா, அப்பாவுக்கு அழவே எனக்கு நேரம் கிடைக்கேல்லை" என்றான் மெதுவாக. "பந்தல், கிரியை, சாப்பாடு எண்டு ஓடித் திரிஞ்சன். இப்ப ரண்டு பேருக்கும் சேர்த்து அழச் சொல்லுறியளோ?"

குடித்தேன். உப்பும் கசப்பும் கலந்த ஒரு சுவை. வெறுங்கிண்ணத்தை அவனிடம் கொடுத்தேன்.

அவர் ஒரேயடியாகப் போகவில்லை. முதலிற் கையிலிருந்த தீக்குச்சி தெரியாமற் போயிற்று. பிறகு விரல்கள். தலையணையுறை வெளுக்க வெளுக்க அவர் மங்கினார். குனிந்த கழுத்தின் வளைவு மட்டும் ஒரு காலைவரை நின்றது. அதுவும் இல்லாதபோது நான் அழுதேன். தாதி ஓடிவந்து நோகிறதோ என்று கேட்டா. ஓம் என்றேன்.

இதே நிலையில் இருப்போருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது சிறிதே. கிளினிக்கிற் கேட்கும்போது உங்கள் மருந்துகளை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் பையோடு கொண்டுசென்று காட்டுங்கள். கடல் கடந்து வந்தவற்றையும் சேர்த்துக் காட்டுங்கள். இறந்தவர் மருந்தை அவரோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அதுவும் நீங்களாகத் தொடங்குவதைப் போன்ற பிழையே. உண்ண முடியவில்லை என்றால், அது துக்கந்தான் என்று எவர் சொன்னாலும், வைத்தியரும் ஒருமுறை அதைச் சொல்லட்டும்.

இப்போது என் குளிசைகள் முன்னையவற்றிற் பாதியளவே. நன்றாக உண்கிறேன். ஆயினும் இவ்வுடல் என்னுடையது என்ற பழைய உறுதி இல்லை. ஒருவர் இதனுள் வந்து தங்கிப் போயிருக்கிறார். அவரைப் போகவிட்டதும் இதுவே.

சென்ற கிழமை ஆட்டைத் திவசம் நடந்தது. ஐயர் திதியைச் சொல்லி மந்திரம் ஓதினார். மகன் எள்ளும் நீரும் இறைத்தான். நான் வந்தவர்களுக்குப் பரிமாறினேன். ஒரு வருடம் ஓடியதே தெரியவில்லை என்றாள் மச்சாள். ஓம் என்று தலையசைத்தேன். விடுதியில் அவர் மறைந்த காலையிலிருந்து எண்ணும் என் கணக்கில், அவர் இறந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை.